தார் பாலைவனத்தின் மேளாக்கள்

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் மேற்கே பரந்து கிடக்கும் தார் பாலைவனப் பகுதியில் ஆண்டு முழுவதும் பல மேளாக்கள் நடைபெறுகின்றன. கோயில் விழா, கால்நடைச் சந்தை, உறவினர் கூடுகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மேளா. ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் நிலம் இது. மேய்ச்சலைத் தேடி மாதக்கணக்கில் அலையும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு மாடு விற்பதும், கடனைத் தீர்ப்பதும், பெண் பார்ப்பதும் இங்கேதான். இன்று வண்ணத் தலைப்பாகைகளையும் அலங்கரித்த ஒட்டகங்களையும் காட்டும் புகைப்படங்கள் வழியாகவே இவை வெளியுலகுக்குத் தெரிகின்றன. ஆனால் மேளாக்களுக்கு ஆதாரமாக இருந்த கால்நடை வணிகம், குறிப்பாக ஒட்டக வணிகம், நலிந்துகொண்டிருக்கிறது.

புஷ்கர்

இவற்றில் மிகவும் புகழ்பெற்றது அஜ்மீருக்கு அருகிலுள்ள புஷ்கரில் நடப்பது. பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில், ஆரவல்லி மலைகளை ஒட்டி இவ்வூர் அமைந்துள்ளது. இங்குள்ள ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள் உள்ளன. அருகில் பிரம்மாவுக்கான கோயில் இருக்கிறது. வடநாட்டுப் பஞ்சாங்கப்படி கார்த்திக மாத வளர்பிறை ஏகாதசி முதல் பௌர்ணமி வரையிலான ஐந்து நாட்களும் ஏரியில் நீராடுவது புண்ணியம் எனக் கருதப்படுகிறது. இது பெரும்பாலும் நவம்பரில் வரும். தமிழ்க் கார்த்திகையோடு எப்போதும் பொருந்தாது.

கால்நடைச் சந்தைக்கும் இந்தக் காலம் வசதியானது. மழைக்காலப் புல்லை மேய்ந்து விலங்குகள் தேறியிருக்கும், கம்பு அறுவடை முடிந்து விவசாயி கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். மணல்மேடுகளில் கூடாரமிட்டு, ஒட்டகத்தின் பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, நடக்கவிட்டுப் பார்த்து, பிறகே விலை பேசுவார்கள். இந்த வியாபாரம் நீராடலுக்குப் பல நாட்கள் முன்பே தொடங்கிவிடும். பௌர்ணமியன்று போனால் பக்தர் கூட்டத்தையும் கடைத்தெருவையும் காணலாம். ஒட்டகம் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள்.

பிற மேளாக்கள்

பார்மேர் வட்டாரத்தில், லூனி ஆற்றின் வறண்ட படுகையில் கூடும் தில்வாடா சந்தை ராஜஸ்தானின் மிகப் பழைய கால்நடைச் சந்தைகளில் ஒன்று. ராவல் மல்லிநாதர் என்ற வீரரின் நினைவாக மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கிறது. தார்பார்க்கர், காங்ரேஜ் மாடுகளும் குதிரைகளும் இங்கு கைமாறும். நாகௌர் சந்தை உழவுக்குப் பெயர்போன நாகௌரி காளைகளுக்கானது.

பொக்ரான் அருகிலுள்ள ராம்தேவ்ரா மேளா வேறு வகையானது. இங்கு சமாதி கொண்டுள்ள பாபா ராம்தேவை இந்துக்கள் தெய்வமாகவும், முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் வணங்குகிறார்கள். பல நாட்கள் நடந்தே வரும் பக்தர்கள் துணியால் செய்த குதிரைகளைக் காணிக்கையாக வைப்பர். காமட் சமூகப் பெண்கள் உடலில் பதின்மூன்று தாளங்களைக் கட்டி, அமர்ந்தபடியே ஆடும் தேரா தாலி நடனமும் உண்டு.

ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழாவோ சுற்றுலாவுக்கென்றே உருவாக்கப்பட்டது. தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி போன்றவை இங்கு நடக்கும். செயற்கையானது என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பழைய புரவலர்களின் ஆதரவு குறைந்த மாங்கணியார், லங்கா இசைக்கலைஞர்களுக்கு இத்தகைய மேடைகள் வருமானம் தருகின்றன.

ஒட்டகம் குறைந்த கதை

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் சுமார் 3.26 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ல் அது 2.13 லட்சமாகக் குறைந்தது. டிராக்டரும் லாரியும் ஒட்டகத்தின் வேலையைப் பறித்துக்கொண்டன. இந்திரா காந்தி கால்வாய் வந்தபின் மேய்ச்சல் நிலங்கள் பல வயல்களாயின.

ஒட்டகங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பவர்கள் ராய்க்கா சமூகத்தினர். முதல் ஒட்டகத்தைப் பார்வதி களிமண்ணில் செய்ததாகவும், சிவன் உயிர் கொடுத்ததாகவும், அதைப் பார்த்துக்கொள்ளவே முதல் ராய்க்காவைப் படைத்ததாகவும் இவர்கள் சொல்வதுண்டு. மரபுப்படி இவர்கள் ஒட்டக இறைச்சி உண்பதில்லை. பாலை விற்பதும் தவறு எனக் கருதப்பட்டது. ஆகவே ஆண் குட்டிகளை வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் மேளாக்களில் விற்பதே முக்கிய வருவாயாக இருந்தது.

2014-ல் ஒட்டகம் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. 2015-ல் ஒட்டகத்தைக் கொல்வதைத் தடுக்கவும், மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் வந்தது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவது சரியல்ல. ஆனாலும் வெளிமாநில வியாபாரிகள் வர முடியாமல் போனதால் ஆண் ஒட்டகங்களின் விலை விழுந்தது. விற்க முடியாத விலங்கை வளர்ப்பது எப்படி என்று வளர்ப்போர் கேட்டனர். காப்பாற்ற வந்த சட்டமே வளர்ப்பவரின் கையைக் கட்டிவிட்டது என்பது அவர்களின் குறை.

புஷ்கர் திடலில் இப்போது மார்வாரி குதிரைகளுக்கே மவுசு. ஒட்டகக் குட்டி பிறந்தால் வளர்ப்போருக்கு மாநில அரசு உதவித்தொகை வழங்கும் திட்டம் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பாலை விற்க மறுத்த ராய்க்கா குடும்பங்களில் சில, இன்று ஒட்டகப் பாலைப் புட்டிகளில் அடைத்து நகரங்களுக்கு அனுப்புகின்றன.