இறக்குமதி எரிவாயுவின் தரமும் நாம் சுவாசிக்கும் காற்றும்

மல்காஜ்கிரியில் அடுப்பும் பாத்திரமும் விற்றுக் காலம் தள்ளுபவன் நான். "நயினார், சுடர் மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி பிடிக்குது" என்று வருபவர்களுக்குத் துவாரத்தைத் துடைத்துக் காற்று வழியைத் திருகிவிட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். வாயுவும் காற்றும் சரியான அளவில் சேரணும், அவ்வளவுதான் சூத்திரம். இது ஒரு பெருநகரத்தின் காற்றையே பாதிக்கும் விதத்தை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கை எரிவாயு எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அரிசி என்ற ஒரே பெயரில் எத்தனை ரகம்! அதுபோலத்தான் இதுவும். கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் வாயு ஏறக்குறைய முழுவதும் மீத்தேன். 2004இல் கத்தாரிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்குக் கப்பலில் வரத் தொடங்கிய வாயுவிலோ ஈத்தேனும் புரொப்பேனும் கூடுதல். அவற்றைப் பிரித்தெடுக்கவே ஓ.என்.ஜி.சி. அங்கே தனி ஆலை அமைத்தது. ஒரே கன அளவில் எரித்தால் மீத்தேனைவிட ஈத்தேன் சுமார் ஒன்றேமுக்கால் மடங்கும், புரொப்பேன் இரண்டரை மடங்கும் வெப்பம் தரும்.

கப்பல் சரக்கில் நன்மையும் உண்டு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்குமுன் நீர், கரியமிலவாயு, கந்தகச் சேர்மங்களை நீக்கிவிடுவார்கள். ஆகக் கந்தகப் புகை இல்லை. சிக்கல் வெப்பத்தில்தான்.

இதை அளக்க வொப்பே எண் என்று ஒன்று உண்டு. வெப்ப மதிப்பை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் ஏறினால் அதே துவாரம், அதே அழுத்தத்தில் அதிக வெப்பம் பாயும். வீட்டு அடுப்பில் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு வரும். மிகைக் காற்றில் எரியும் கொதிகலனிலும் பழைய எஞ்சினிலும் சுடரின் சூடு ஏறும். சூடு மிஞ்சினால் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. அது வெயிலில் ஓசோனாகவும் நுண்துகளாகவும் வழிசெய்து நுரையீரலைத் தாக்குகிறது.

இதற்காகவே கலிஃபோர்னியாவில் பெரும் வாதம் நடந்தது. மெக்சிகோ எல்லைக்கப்பால் இறக்குமதி முனையம் வரவிருந்த வேளையில், 2006இல் அம்மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் வொப்பே எண்ணுக்கு 1385 என்று உச்சவரம்பு வகுத்தது. மலை சூழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸின் காற்றைக் காக்கும் தென்கடற்கரை வாரியமோ 1360 போதும் என்று வாதாடியது. பின்னர் அங்கு நடந்த பேருந்துச் சோதனைகளில், பழைய எஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்சைடு கூடியது. மும்முனை வினையூக்கி பொருத்திய புதியவற்றில் அது குறைவாகவே இருந்தது. பிரிட்டனில் இறக்குமதி வாயுவோடு நைட்ரஜனைக் கலந்து வெப்பத்தைத் தணிக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2003இல் தொடங்கிய பாக்யநகர் கேஸ் நிறுவனம் வண்டிகளுக்கும் வீடுகளுக்கும் வாயு தருகிறது. டீசல் புகைக்கு இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் நாட்டின் தேவையில் ஏறக்குறைய பாதி இன்று இறக்குமதி. சரக்கு மாறும்போது அடுப்பையும் கொதிகலனையும் எஞ்சினையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். மூட்டை எத்தனை என்று மட்டும் எண்ணி, ரகம் பார்க்காமல் வாங்கும் வியாபாரி தேறமாட்டான். குழாய் வழி வரும் சரக்குக்கும் அதே கணக்குதான் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.