கருப்பைக் கட்டி: பெரிய கீறலா, சிறு துளையா?

அந்தமானில் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் கூடை சுமக்கும் பெண்ணொருத்தி, மாதந்தோறும் மிகுந்த இரத்தப்போக்கால் வெளிறித் தளர்கிறாள் எனக் கொள்வோம். கருப்பையில் நார்க்கட்டி இருப்பதாக மருத்துவர் கூறுகிறார். "எத்தனை நாள் வேலைக்குப் போக இயலாது?" என்பதே அவளது முதல் வினா. அதற்கு விடை, சிகிச்சை முறையைப் பொறுத்ததாகும்.

நார்க்கட்டி என்பது கருப்பைத் தசையில் தோன்றும் வளர்ச்சி, புற்றுநோய் அன்று. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். துன்பம் தராத கட்டிக்குப் பொதுவாக அறுவை வேண்டுவதில்லை.

திறந்த அறுவையில் அடிவயிற்றைக் கீறி, மருத்துவர் கையால் தொட்டறிந்து கட்டிகளை அகற்றுவார். மருத்துவமனையில் சில நாள் தங்க நேரும். முழு வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 6 வாரம் ஆகும். லேப்பராஸ்கோப்பி எனும் துளைவழி அறுவையிலோ, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, சுமார் 5 முதல் 12 மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று நான்கு துளைகளின் வழியே கேமராக் குழாயும் கருவிகளும் செலுத்தப்படுகின்றன. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புவர். 2 முதல் 4 வாரங்களில் இலகுவான பணிகளைத் தொடங்கலாம். பாரம் சுமக்க மருத்துவர் அனுமதி வேண்டும். கருப்பையின் உட்குழிவில் துருத்தும் கட்டியைப் பல வேளைகளில் கீறலே இன்றிப் பிறப்புறுப்பின் வழியாக எடுத்துவிடலாம்.

808 பெண்கள் பங்குபெற்ற 9 ஆய்வுகளை 2014-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. சிறு துளை முறையில் வலியும் காய்ச்சலும் குறைவு, மருத்துவமனை வாசமும் குறுகியது எனக் கண்டது. கட்டி மீண்டும் தோன்றுவதில் வேறுபாடு புலப்படவில்லை.

எனினும், சிறு துளையே எந்நாளும் சிறந்தது என்பதற்கில்லை. கட்டிகள் மிகப் பெரியனவாகவோ பலவாகவோ இருப்பின் திறந்த முறையே ஏற்றதாகலாம். கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுக்கும் மின்கருவி, மறைந்திருக்கும் அரிய புற்றைப் பரப்பக்கூடும் என 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

ஆகவே, ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிவுறுத்த வேண்டுவன மூன்று. முதலாவது, அறுவைக்கு முன் இரத்தசோகையைப் பரிசோதித்துச் சீர்செய்தல். இரண்டாவது, கட்டி எங்கே உள்ளது, அளவு என்ன, அம்முறையில் மருத்துவருக்குப் பயிற்சி உண்டா எனக் கேட்டறிதல். மூன்றாவது, கருப்பை முழுவதையும் நீக்குவதே வழி என்று சொல்லப்பட்டால், மாற்றுச் சிகிச்சை உண்டா என வினவுதல்.

பெரிய நிக்கோபாரிலிருந்து கப்பலேறி, ஸ்ரீ விஜயபுரம் எனப் 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வரும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் கூலியிழப்பே. ஆயினும் தழும்பின் நீளத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. அவள் கட்டிக்கு எம்முறை பொருந்தும் என்பதே தலையாய வினா.