உண்டதும் உடலிற் சேர்வதும்

நல்லுணவை வயிறார உண்பவனுக்குச் சத்துக்குறைவு உண்டாகாது என்பது பலரது எண்ணம். ஆயின், உண்ணல் வேறு, சமிபாடடைதல் வேறு, உறிஞ்சப்படுதல் வேறு. இம்மூன்றனுள் ஒன்று தடைப்படினும் உணவிலுள்ள விற்றமின்கள் உடலுக்குப் பயன்படா.

ஏ, டி, ஈ, கே என்னும் விற்றமின்கள் கொழுப்பிற் கரைவன. ஆதலின், பித்தநீர் குறைந்தோ சதையி பழுதுற்றோ கொழுப்பு உறிஞ்சப்படாதவிடத்து, அவையும் அதனோடு கழிந்துவிடும். கோதுமைப் புரதம் ஒவ்வாமையால் வரும் சீலியாக் நோயிற் சிறுகுடலின் சடைமுளைகள் தேய்ந்து, உறிஞ்சும் பரப்பே சுருங்குகின்றது.

இவ்வகையில் விந்தையான வரலாறுடையது பி12 என்னும் விற்றமின். 1855இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன், காரணம் விளங்காத ஒருவகைக் குருதிச்சோகையைப் பற்றி எழுதினார். அந்நோய்க்கு நெடுங்காலம் மருந்தில்லை. நோயாளர் வெளிறி, வலியிழந்து மாண்டனர். 1926இல் பொஸ்ரன் நகர மருத்துவர்களாகிய மைனட், மேர்பி என்னும் இருவரும் ஈரலை மிகுதியாக உண்பித்து அவர்களைப் பிழைப்பித்தமையை வெளியிட்டனர்.

ஈரல் உதவியது எங்ஙனம்? அந்நகரத்தவரான வில்லியம் காசில் இதனை ஆராய்ந்தார். நோயாளருக்கு மாட்டிறைச்சியை மட்டும் கொடுத்தார், பயனில்லை. இரைப்பைநீரை மட்டும் கொடுத்தார், அப்போதும் பயனில்லை. சுகதேகி ஒருவரது இரைப்பையிற் சமிபாடடைந்த இறைச்சியைக் கொடுத்தபோதோ புதிய செங்குழியங்கள் பெருகின! குறை உணவிலன்று, இரைப்பையிலேயே என்பது 1929இல் வெளியான அவ்வாய்வினாற் புலனாயிற்று.

இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் பி12உடன் இணைந்து செல்ல, சிறுகுடலின் கடைப்பகுதி அதனை ஏற்கின்றது. எனவே இரைப்பை கெடினும், அக்குடற்பகுதி நோயுறினும், அன்றி வெட்டி அகற்றப்படினும் விளைவு ஒன்றே. 1948இல் இவ்விற்றமின் தூயநிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. குடலின் துணையின்றி ஊசிமூலம் இதனைச் செலுத்த இயலும்.

நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2.4 மைக்கிரோகிராமே. ஈரலிலுள்ள சேமிப்புச் சில ஆண்டுகளுக்குப் போதுமாதலின், குறைபாடு மெல்லவே வெளிப்படும். கைகால் விறைப்பு, தள்ளாட்டம், மறதி என்பவற்றை முதுமையின் இயல்பென்று தள்ளிவிடுதல் தகாது. காரணம் அறியாது போலிக்கமிலத்தை மட்டும் உட்கொள்ளின் சோகை நீங்கியதுபோலத் தோன்றும். நரம்புகளோ தொடர்ந்து கெடும். காலங்கடந்தபின் அக்கேடு முற்றாக மீள்வது அரிது. உண்டதன் அளவை நோக்குவதோடமையாது, உடலிற் சேர்ந்ததையும் நோக்குவதே அறிவுடைமையாகும்.