மணி நனைத்த கம்பளம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஹாலில் ஒரு வாடை எழும். வெயில் நாட்களில் எங்கேயோ பதுங்கிக் கிடந்துவிட்டு, வானம் மூடியதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கை லேசாகச் சுளித்து, கேட்கக் கூசி, காபியைக் குடித்துவிட்டுச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "நடு ஹால்ல மாட்டைக் கட்டி வச்ச மாதிரி இருக்கு. ஒண்ணு அந்தக் கார்ப்பெட்டைத் தூக்கிப் போடு, இல்ல அந்த நாயைக் கொண்டுபோய் விட்டுட்டு வா."

இரண்டுமே ஆகாத காரியம். நாயின் பெயர் மணி. தெருவில் பிறந்து, ஒரு மழைக்கு எங்கள் படிக்கட்டில் ஒதுங்கி, அப்படியே தங்கிவிட்டவன். கம்பளமோ, ராணுவத்தில் இருந்த சித்தப்பா ஸ்ரீநகரிலிருந்து வாங்கி வந்தது. வேப்பிலையும் அந்துருண்டையும் வைத்துச் சுருட்டி, இருபது வருடத்துக்கு மேல் கட்டிலுக்கடியில் தூங்கியது. நவராத்திரிக்கு மட்டும் கொலுவுக்கு எதிரே விரிப்போம். ஒரு வருடம் கொலு முடிந்தும் சுருட்டி வைக்கச் சோம்பல். தீபாவளி விடியற்காலையில் பக்கத்துத் தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்தது. சோபாவுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த மணி வெளியே ஓடிவந்து, நின்ற இடத்திலேயே கம்பளத்தை நனைத்துவிட்டான். பயம் தெளியவோ என்னவோ, ஒரு மூலையைக் கடித்துத் தின்றும்விட்டான்.

பதறிப்போய் நான் செய்தது அத்தனையும் தப்பு. கொதிக்கக் கொதிக்க ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பினாயில் தெளித்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் நாலு ஊதுபத்தியும் ஏற்றி வைத்தேன். மாலைக்குள் கறை உள்ளங்கை அளவிலிருந்து தாம்பாளம் அளவாகப் பரவியிருந்தது. தேய்த்த இடத்தில் கம்பளி திரண்டு கம்பளிப்பூச்சி மாதிரி நின்றது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுநீரில் பெரும்பங்கு தண்ணீர். மீதியில் முக்கியமானது யூரியா. புதிதாக இருக்கும்போது அதில் பெரிய வாடை இல்லை. பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்புகிறது. தண்ணீர் வற்றிய பிறகும் உப்புகள் நூலின் அடிவாரத்தில் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறினால் அவை அதை உறிஞ்சி மறுபடி உயிர் பெறும். மழைக்காலத்தில் எங்கள் ஹால் நாறியதற்குக் காரணம் இதுதான்.

'யூரிக் அமிலப் படிகம்' என்று சுத்திகரிப்புத் திரவ விளம்பரங்கள் ரொம்பவும் பயமுறுத்துகின்றன. பெரும்பாலான நாய்களின் உடல், யூரிக் அமிலத்தில் மிகுதியை நன்றாகக் கரையக்கூடிய அலன்டாயினாக மாற்றித்தான் வெளியேற்றுகிறது. கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் இதற்குப் பேர்போன விதிவிலக்கு. நம்மைப் போல அதற்கும் யூரிக் அமிலத் தொல்லை உண்டு. ஆக, மணி மாதிரி ஒரு நாட்டு நாய் நனைத்த விரிப்புக்கு நிறையத் தண்ணீர் விட்டு அலசுவதே பாதி வைத்தியம். பூனை சமாசாரம் வேறு. அதன் சிறுநீரில் ஃபெலினைன் என்ற, கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் அது அதிகம். அது மெல்ல மெல்ல உடைந்து வாடையைக் கிளப்புவதால், நாள் போகப் போக நாற்றம் கூடுமே தவிரக் குறையாது.

வெந்நீர் கறையை நூலோடு பிணைத்துவிடும். கம்பளியை வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் திரளும், திரண்டது திரும்பாது. பினாயில் வாடையை மறைக்கும், போக்காது. பூனை இருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது. பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு; பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து. அந்துருண்டையும் அப்படித்தான், நாய்க்கும் பூனைக்கும் விஷம். இத்தனை வருடமாக அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போது திகிலாக இருக்கிறது. ப்ளீச் ஊற்றலாமே என்று தோன்றும். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் புகை வரும். கதவைச் சாத்திய ஹாலில் அது மூச்சுக்குழாயைப் பதம் பார்த்துவிடும்.

முதல் பத்து நிமிடம் கையில் இருந்தால் எல்லாமே சுலபம். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுவிடுங்கள். கையால் அழுத்துவதைவிட உடம்பின் எடை நன்றாக வேலை செய்யும். துணி ஈரமாகாத நிலை வந்ததும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்து, மறுபடி ஒற்றுங்கள். விரிப்பைத் தூக்க முடிந்தால் அடியிலும் ஒரு துண்டு. லேசான ஈரம் இருக்கும்போதே ஆப்ப சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிக் கூட்டிவிடலாம். செலவு என்று சொன்னால் சோடா பாக்கெட் ஒன்றுதான்.

பழைய கறைக்கு வினிகர். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து நனைத்து ஒற்றினால், அமோனியாவின் காரத்தன்மையை அது சமன் செய்யும். வினிகரையும் சோடாவையும் கலந்து நுரை பொங்கவிடுவது வீடியோவில் பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். வினிகரைத் தொடுவதற்கு முன் அடியில் இருப்பது என்ன தரை என்றும் பாருங்கள். மார்பிள், கடப்பா, மொசைக் மூன்றிலும் சுண்ணாம்புக் கல் சம்பந்தம் இருப்பதால் அமிலம் பட்ட இடம் பளபளப்பு போய் வெளுத்துவிடும். விரிப்பைக் காப்பாற்றப் போய்த் தரைக்குப் பாலிஷ் போடும் செலவு வந்து சேரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றியும் பலர் சொல்வார்கள். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 ஆக்கி, வெளிர் நிறப் பருத்தி விரிப்பில் மட்டும், அதுவும் ஓரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். கம்பளிக்கும் பட்டுக்கும் வேண்டாம்.

என்சைம் திரவங்கள் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆனால் தெளித்துவிட்டு உடனே துடைத்தால் காசு வீண். கறை எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்கி, மெல்லக் காய வேண்டும். முன்பே சோப்பும் பினாயிலும் ஊற்றிய இடத்தில் என்சைம் சோம்பிவிடும். இன்னொன்று, கம்பளியே ஒரு புரதம். புரதத்தை உடைக்கும் என்சைம் அதையும் பதம் பார்க்கும் என்பதால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். எலுமிச்சைத் தோலும் வெல்லமும் மூன்று மாதம் ஊறவைத்து வீட்டிலேயே செய்யும் 'பயோ என்சைம்' இப்போது மாடிக்கு மாடி இருக்கிறது. அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் அதன் புளிப்புதான் வேலை செய்கிறது, அந்த வேலையை வினிகரே செய்யும். சரியாக வடிகட்டாததைத் தெளித்து ஒரு வாரம் எறும்போடு போராடிய அனுபவமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதைச் செய்வதற்கும் முன் விரிப்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்புறத்து டிசைன் பின்புறமும் அப்படியே தெரிந்தால் அது பெரும்பாலும் கையால் முடிச்சுப் போட்டது, தண்ணீரில் முழுக்கலாம். பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தால் நூலைத் துளைத்து இறக்கி, ரப்பர் பசை தடவி நிறுத்திய ரகம். அந்தப் பசைக்குள் சிறுநீர் இறங்கிவிட்டால் பசை உதிரும், நூல் கழலும், வாடை போகவே போகாது. அதற்குச் செலவு செய்யாதீர்கள். கறைபட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஓரம் கட்டி மிதியடியாக்கிக்கொள்வதுதான் லாபம். மலிவான பிளாஸ்டிக் இழை விரிப்புகள் ஒருவகையில் பிரச்சினையே இல்லாதவை, குழாயடியில் போட்டு அலசினால் போதும். குளிர் நாடுகளில் கம்பளத்தைச் சுவரிலிருந்து சுவர்வரை பதித்துவிடுவதால் தூக்கி அலச வழியில்லை. கறை அடியில் இருக்கும் மெத்தை வரை இறங்கிவிட்டால் அந்தத் துண்டையே வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டும். நமக்கு அந்தக் கொடுமை இல்லை.

எங்களுடையது முடிச்சு ரகம். கம்பளம் கழுவ ஆளைக் கேட்டோம். அவர் சொன்ன தொகையில் இன்னொரு கம்பளமே வாங்கிவிடலாம் போலிருந்தது. தை பிறந்து வெயில் நிலைக்கும்வரை பொறுத்தோம். மச்சானும் நானும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், முதலில் கவிழ்த்துப் போட்டுக் கம்பால் தட்டினோம். உதிர்ந்த மண்ணைப் பார்த்தால் ஒரு தொட்டிச் செடிக்கு ஆகும். வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தோம். சாயம் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்போம். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரில் மெத்தென்ற துணியால் அலசினோம். பட்டுப் புடவைக்குச் சரியானது கம்பளிக்கும் சரிதான். கறை இருந்த இடத்துக்கு மட்டும் வினிகர்த் தண்ணீர். பிறகு வடியும் தண்ணீர் தெளியும்வரை ஹோஸ் பிடித்தோம். பாத்ரூம் தள்ளும் வைப்பரால் இழை படிந்திருக்கும் வாக்கிலேயே தண்ணீரை வழித்தெடுத்தோம்.

நனைந்த கம்பளம் எவ்வளவு கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கொடியில் போட்டால் கொடி அறும், கம்பளமும் இழுபட்டுக் கோணும். செங்கல் அடுக்கி அதன் மேல் பிவிசி குழாய்களை வைத்து, அடியிலும் காற்று போகிற மாதிரி விரித்தோம். உச்சி வெயிலில் நிறம் வெளிறாதிருக்க முகம் கீழே. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; முடிச்சுக்குள் ஈரம் இருந்தால் சுருட்டிய பிறகு பூஞ்சை பிடிக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா மாடிக்கு வந்து, குனிந்து, முகர்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அது பாராட்டு.

கடித்த மூலை பாக்கி இருந்தது. கம்பளத்தில் நூல் தொங்கினால் இழுத்துவிடாதீர்கள். முடிச்சு ரகமென்றால் மட்டத்துக்குக் கத்தரியுங்கள். பூனை நகம் மாட்டி இழுத்த கண்ணி என்றால் ஸ்வெட்டர் பின்னும் கொக்கி ஊசியால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். எங்கள் மூலையில் பாவு நூலே வெளியே வந்து நின்றது. டெய்லர் மெஷினுக்கு அந்தத் தடிமன் ஆகாது என்று சொல்லிவிட்டார். வேண்டியது கோணி ஊசியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் போனேன். ஓரத்துக்குத் தோல் வைத்துப் பிடித்தால் உழைக்குமா என்று கேட்டேன். "உழைக்கும் சார். ஆனா நாய் மொதல்ல தோலத்தான் தேடும்" என்றார். கடைசியில் கனத்த கித்தான் பட்டியை மடித்து வைத்து, அவிழ்ந்த ஓரத்தைச் சுற்றுத் தையலில் பூட்டிக் கொடுத்தார். கொடுத்த கூலி இரண்டு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் காசு.

விரிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பிராணியை மறந்தால் இதே வேலையை மாதாமாதம் செய்ய வேண்டியதுதான். பழக்கப்பட்ட நாய் திடீரென்று வீட்டுக்குள் நனைத்தால் பயமா, நோயா, முதுமையா என்று பார்க்க வேண்டும். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் போகாமல் தவித்தால் அது அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டாவிட்டால் உயிருக்கு ஆபத்து. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிராண்டுகிற பூனைக்குப் பழைய பிவிசி குழாயில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி நட்டு வைத்தால் சோபா தப்பும். வாடை எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால் மலிவான புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, விளக்கணைத்து அடித்துப் பாருங்கள், பழைய சிறுநீர் மங்கலாக ஒளிரும். சோப்புத் தூள் பட்ட இடமும் ஒளிரும் என்பதால் பார்த்ததையெல்லாம் மணியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

கம்பளம் மறுபடி கட்டிலுக்கடியில் போய்விட்டது, இந்த முறை வேப்பிலை மட்டும். ஹாலில் இப்போது பவானி ஜமக்காளம். 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. கைத்தறிக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்திருக்கும் ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அதையெல்லாம் பார்த்து நான் வாங்கவில்லை. கல்யாண வீட்டில் நூறு பேர் உட்கார்ந்து, குழந்தைகள் நனைத்து, சாம்பார் கொட்டி, மறுநாள் துவைத்துச் சுவரில் காயப்போட்டு, அடுத்த கல்யாணத்துக்குப் போகிற பொருள் அது. தட்டையான நெசவு, வாடை ஒளிந்துகொள்ள இழைக்காடு கிடையாது, நகம் மாட்டக் கண்ணி கிடையாது. முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள், சாயம் கொஞ்சம் விடும். மணி அதில் நீலப் பட்டையை விட்டுவிட்டுச் சிவப்புப் பட்டையில் மட்டும்தான் படுக்கிறான். காரணம் தெரியவில்லை.

போன நவராத்திரிக்குச் சித்தப்பா வந்திருந்தார். மணியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கொலுவுக்கு எதிரே கம்பளத்தை விரித்திருந்தோம். சித்தப்பா காலை நீட்டி உட்கார்ந்தார். கை தானாகக் கித்தான் வைத்துத் தைத்த மூலைக்குப் போனது. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"வாங்கும்போதே இது இப்படித்தான் இருந்துதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுண்டல் எடுத்துவர உள்ளே போனேன்.