மேட்டில் திணறும் லாரி

பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏற மாட்டாமல் கரும்புகை கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் போதாத விறகடுப்பு புகைகிறதல்லவா? அதே கதைதான்!

டீசல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழலும் இந்த யந்திரத்துக்கு 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூஹி.

காற்றழுத்தம் குறைந்ததும் "டர்போ போச்சு!" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட்டால் பணம்தான் நஷ்டம். முதலில் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரப்பர்க் குழாய்கள், கிளிப்புகள். எஞ்சினை நிறுத்தி, குழாய்க்குள் அளவாகக் காற்றடைத்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் நுரை பொங்கும். புகைக் குழாயிலும் கசிவு இல்லையென்றால் டர்போவைத் தொடலாம்.

உங்கள் வீட்டில் லாரி வருமானம் உண்டா? தளர்ந்த கிளிப்புக்காக டர்போவுக்கே விலை கொடுத்துவிடாதீர்கள்!