தோலைத் தூய்மையாக்கிய நீர் எங்கே போகிறது?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், "பிள்ளையை மருத்துவத்தில் சேர்ப்பதா, கணிப்பொறியில் சேர்ப்பதா?" என்பதே நம் இல்லங்களில் எழும் கேள்வி. வேதிப் பொறியியல் என்னும் துறையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் சமுதாயத்திற்கோ அது மிக நெருங்கிய துறையாகும்.

ஆய்வுக்கூடக் குடுவையில் நிகழும் வினையை ஆலையில் டன் கணக்கில், ஆபத்தின்றி, வீணின்றி நிகழ்த்தக் கற்பிப்பதே வேதிப் பொறியியல். நான்காண்டு பி.டெக். படிப்பின் தொடக்கத்திலேயே பயிற்றுவிக்கப்படுவது பொருள் சமநிலைக் கணக்கு. ஆலைக்குள் சென்ற பொருள், சரக்காகவோ கழிவாகவோ வெளிவரும். இன்றேல் உள்ளேயே தங்கும். மாயமாய் மறைவதில்லை. வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல், வினைகலன் வடிவமைப்பு ஆகியன பின்தொடரும்.

இக்கணக்கை நம் தோல் தொழிலில் இட்டுப் பாருங்கள். வழக்கமான குரோம் பதனிடுதலில், இடப்படும் குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காட்டையே தோல் ஏற்கிறது. எஞ்சியது கழிவுநீரோடு செல்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பாலாறும் நிலத்தடி நீரும் பாழ்பட்டன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்று மதரஸாவில் கற்பிக்கிறோம். அசுத்தம் கலந்து நிறமோ, சுவையோ, வாடையோ மாறிய நீர் ஒளுவுக்கு ஆகாது என்பதும் அதே ஃபிக்ஹுப் பாடந்தான். தோலைத் தூய்மையாக்கிவிட்டு அண்டை வீட்டார் கிணற்றைக் கெடுப்பது எவ்வாறு தகும்?

பரிகாரம் உண்டு. கழிவுநீரில் காரத்தைச் சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மயிர் நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் மாற்றாக நொதிகளைக் கையாளலாம். நொதிகளின் இயல்பறிந்து அவற்றை ஆலைக்கு ஏற்பப் பயன்படுத்தும் கல்வியே உயிர்மூலக்கூறுப் பொறியியல்.

சென்னையில் 1944-இல் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியலும் தோல் தொழில்நுட்பமும் உள்ளன. கணிதம், இயற்பியல், வேதியியலில் ஊன்றிய மாணவரும் மாணவியரும் இதற்குத் தகுதியானவர்களே. ஆலைப் பணி எளிதன்று. இரவுப் பணியும் இருக்கும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! ஆலை முதலாளியின் மகனும் அங்கு உழைப்பவரின் மகளும் இக்கல்வியைப் பெறட்டும். தொழிலும் நிலைக்கும், நீரும் பிழைக்கும், இன்ஷா அல்லாஹ்!