காப்புப்பிரதி வழங்கியின் வட்டு அமைப்பு

காப்புப்பிரதி வழங்கியின் வட்டு அமைப்பு என்பது, அவ்வழங்கியின் தரவுத்தளம், பதிவேடுகள், சேமிப்புக் கிடங்கு ஆகியவற்றை எந்தெந்த வட்டுகளில் வைப்பது என்று திட்டமிடுவதாகும். ஐபிஎம் நிறுவனத்தின் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் மென்பொருளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது பின்னர் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்றும், தற்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்றும் அழைக்கப்படுகிறது.

தரவுத்தளத்தின் பங்கு

2009 இல் வெளிவந்த 6.1 பதிப்பிலிருந்து இதன் தரவுத்தளம் டிபி2 மீது இயங்குகிறது. கோப்புகளின் உள்ளடக்கம் இதில் இருப்பதில்லை. எந்தக் கோப்பு, எந்த நாளில், எந்த நாடாவில் அல்லது வட்டில் சேமிக்கப்பட்டது என்ற விவரமே இருக்கும். நூலகத்தின் அட்டவணை தொலைந்தால் நூல்கள் இருந்தும் தேடி எடுக்க முடியாது. அதுபோலவே, தரவுத்தளம் அழிந்தால் சேமித்த கோப்புகளை மீட்க இயலாது. அது மெதுவாக இயங்கினால் காப்புப்பிரதி எடுப்பது, மீட்பது, காலாவதியானவற்றை நீக்குவது ஆகிய எல்லாப் பணிகளும் தாமதமாகும்.

வட்டுகளின் வேகம்

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கிறது. தலைமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிய இடங்களிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 80 முறையே படிக்க முடியும். தரவுத்தளம் செய்வது இவ்வகைச் சிதறிய வாசிப்பே. எனவே அதற்குக் கொள்ளளவைவிட வேகமே முக்கியம். திண்மநிலை வட்டுகள் இதற்குப் பொருத்தமானவை.

பிரித்து வைக்கும் முறை

- தரவுத்தளம்: ஒரே அளவுள்ள பல அடைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி வால்யூமில் வைக்க வேண்டும். நான்கு வால்யூம்கள் இருந்தால் டிபி2 அவற்றிலிருந்து ஒரே நேரத்தில் படிக்கும்.
- செயல்நிலைப் பதிவேடு: நடந்துகொண்டிருக்கும் மாற்றங்கள் இதில் தொடர்ச்சியாக எழுதப்படும். இயல்பான அளவு 16 ஜிபி. வேகமான தனி வட்டு தேவை.
- காப்பகப் பதிவேடு: முடிந்த பதிவுக் கோப்புகள் இங்கு சேரும். இதற்கு வேகத்தைவிட இடமே முக்கியம். தரவுத்தளத்தை முழுமையாகக் காப்புப்பிரதி எடுக்கும்போது பழைய பதிவுகள் நீங்கும்.
- சேமிப்புக் கிடங்கு: பெரிய கோப்புகள் வரிசையாக எழுதப்படுவதால், விலை குறைந்த, கொள்ளளவு மிக்க வட்டுகள் போதும்.

ரெய்டு வகை

ரெய்டு 5 முறையில் சிறிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் பழைய தரவு, பழைய சமநிலைத் தகவல் ஆகிய இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் நான்கு செயல்கள். ரெய்டு 10 முறையில் இரண்டே போதும். அடிக்கடி எழுதப்படும் தரவுத்தளத்திற்கும் செயல்நிலைப் பதிவேட்டிற்கும் ரெய்டு 10 ஏற்றது.

பொதுவான தவறுகள்

வால்யூம்களின் பெயர்கள் வேறாக இருப்பதாலேயே வட்டுகளும் வேறு என்று கருதக்கூடாது. சேமிப்புச் சாதனம் ஒரே வட்டுத் தொகுப்பை வெட்டி நான்கு வால்யூம்களாகக் காட்டக்கூடும். அப்போது இரவு நேரக் காப்புப்பிரதியின் சுமை தரவுத்தளத்தையும் பாதிக்கும். அத்தொகுப்பு பழுதானால் அனைத்தும் ஒன்றாகப் போகும்.

காப்பகப் பதிவேட்டிற்குக் குறைவான இடம் ஒதுக்குவது மற்றொரு தவறு. அது நிரம்பினால் செயல்நிலைப் பதிவேடும் நிரம்பி, வழங்கியே நின்றுவிடும். தரவுத்தளத்தின் காப்புப்பிரதியை அதே வட்டுகளில் வைப்பதும் பயனற்றது. அது வேறு சாதனத்தில், இயன்றால் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.